மோட்டருக்கு முன்னால் ஒரு பரல்

பெரிய மீன்தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் நான் முதலில் மீனைப் பார்ப்பதில்லை. மோட்டர் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவேன். அது தொட்டிக்குள்ளே கிடந்தாலோ, வடிகட்டிக்கு முன்னால் பூட்டியிருந்தாலோ, அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்பது பாதி விளங்கிவிடும். மீன் போட்ட கழிவை மோட்டரின் விசிறி முதலில் அரைத்துக் கூழாக்குகிறது. பிறகு அந்தக் கூழை வடிகட்டியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறோம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வடிகட்டியானாலும் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

நான் இருப்பது ஒஸ்லோவின் கிழக்கோரத்தில், எல்லிங்ஸ்ருட்டில். சுரங்க ரயிலின் 2ஆம் தடம் இங்கேதான் முடிகிறது. மலையைக் குடைந்து அமைத்த அந்தக் கடைசி நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. அடுக்குமாடிகளும் வரிசை வீடுகளும் முடிகிற இடத்தில் ஒஸ்ட்மார்க்கா காடு தொடங்கிவிடும். பகலில் எனக்குக் கட்டடப் பராமரிப்பு வேலை. மாலையில் நிலக்கீழ் அறையில் மீன்தொட்டி வடிகட்டிக்காகப் பிளாஸ்ரிக் பரல் வெட்டுவதும் குழாய் பொருத்துவதும். குறூருட் பள்ளத்தாக்கில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் மீன் வளர்ப்பவர்களும் கொஞ்சப் பேர். ஒருவருக்குச் செய்து கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் கேட்க, இது ஒரு பக்கத் தொழிலாகிவிட்டது. நாற்பது லீற்றர் தொட்டிக்காரர்கள் என்னிடம் வருவதில்லை. வரவும் தேவையில்லை. கையளவு ஒஸ்கார் மீனும் முழங்கை நீளப் பிளெக்கோவும் வளர்ப்பவர்கள்தான் வருவார்கள், அதுவும் மனைவி மணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய பிறகு.

என்னுடைய தொட்டி 2.4 மீற்றர் நீளம், அகலமும் உயரமும் 0.8 மீற்றர். கண்ணாடி விளிம்புவரை கணக்குப் பார்த்தால் 1500 லீற்றர் சொச்சம் வரும். இதை மேல்மாடியில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். இங்கே வீட்டுத் தளங்களைச் சதுர மீற்றருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குத்தான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். இந்தத் தொட்டி தாங்கியோடு சேர்த்துச் சதுர மீற்றருக்கு ஒரு தொன்னளவு அழுத்தும். ஆகவே நிலத்தோடு ஒட்டிய கொங்கிரீற் தளம்தான் இதற்கு இடம். அந்த அறையில் தரைவடிகாலும் இருந்தால் அதிர்ஷ்டம்.

இந்த வேலையின் அடிப்படையை நான் படித்தது மீன்தொட்டிகளில் அல்ல, வடக்கே பின்மார்க்கில். எண்பதுகளில் நோர்வேக்கு வந்த எங்கள் பெடியளில் நிறையப் பேர் முதலில் போய் நின்ற இடம் அந்த வடமுனையின் மீன் தொழிற்சாலைகள்தான். வாட்சோ, வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹம்மர்பெஸ்ட் என்று அந்தப் பெயர்களை யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர் மாதிரியே சொல்லுவோம். அதற்கும் முன்னால் 1956இல் வந்திறங்கியவர் அன்ரனி ராஜேந்திரம். அவர் நோர்வேக்காரரின் உதவியோடு ஊரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் குருநகரில் வலை பின்னியது, காரைநகரில் பைபர்கிளாஸ் வள்ளம் கட்டியது. ஆக மீனும் நோர்வேயும் எங்களுக்குப் பழைய சொந்தம்.

நான் நின்ற தொழிற்சாலையில் வெட்டும் அறையின் தரையைக் கழுவுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். குடலும் செதிலும் சதைத்துண்டும் தரை முழுக்கக் கிடக்கும். புதிதாக வருபவன் நேரே தண்ணீர்க் குழாயை எடுத்து அடிப்பான். போர்மன் ஓடிவந்து குழாயை மூடுவார். முதலில் மண்வெட்டியால் வழித்து அள்ளு, அதன்பிறகுதான் தண்ணீர் என்பார். வேகமாகத் தண்ணீர் அடித்தால் அள்ளக்கூடியதாக இருந்த கழிவு சாறாகி வடிகாலுக்குள் போய்விடும். பிறகு அதை யாராலும் அள்ள முடியாது. மீன்தொட்டிக்கு வடிகட்டி கட்டுவதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவும் அந்தப் போர்மனின் சத்தத்துக்குள் இருக்கிறது. கழிவு முழுசாக இருக்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும்.

இதற்குக் கணக்கும் உண்டு. தண்ணீரில் ஒரு சிறு துணிக்கை எந்த வேகத்தில் கீழே இறங்கும் என்பதை ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் 1851இலேயே எழுதி வைத்துவிட்டார். துணிக்கையின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் காலாகிவிடும். பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. மோட்டரின் விசிறி செய்வது இந்தப் பத்தில் ஒன்றைத்தான். முழுசாக வந்த மீன் கழிவு நொடிக்குச் சென்ரிமீற்றர் கணக்கில் இறங்கும். அதே கழிவு அரைபட்ட பின் நாள் முழுக்க மிதந்துகொண்டே கரையும்.

ஒஸ்லோத் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்குப் படியாத வீடு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் அது. இங்கே கேத்தல் வருடக் கணக்கில் பளிச்சென்று கிடக்கிறது. நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு மரிடால் ஏரியிலிருந்து வருகிறது. ஜெர்மன் அளவையில் அதன் கடினத்தன்மை 4 பாகைக்கும் குறைவு. குடிக்கவும் தேத்தண்ணி போடவும் அருமையான தண்ணீர். ஆனால் பெரிய மீனுக்கு அதில் தாங்குசக்தி இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். தொட்டியிலுள்ள பற்றீரியா ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக மாற்றும்போது, கல்சியம் காபனேற்றுக் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். நாற்பது வீதம் புரதமுள்ள தீவனம் ஒரு நாளைக்கு 50 கிராம் போடுகிறோம் என்று வையுங்கள். அதிலிருந்து வரும் அமோனியா 13 கிராம் காரத்தன்மையைக் கொண்டுபோகும். 1500 லீற்றரில் ஒரு பாகைக் காரத்தன்மை என்பது மொத்தமே 27 கிராம்தான். அதாவது இரண்டு நாளைக்கு ஒரு பாகை இறங்குகிறது. கிணற்றுத் தண்ணீரில் இது ஒரு பொருட்டல்ல. இங்கே ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் பிஎச் சரிந்து, பற்றீரியா வேலையை நிறுத்தி, மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும். அப்பச்சோடா போட்டுச் சமாளிக்கலாம், நானும் போடுகிறேன். என்றாலும் சோடாவால் சமாளிக்கிற கணக்கு சிறியதாக இருப்பது நல்லது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீனிடமிருந்து வரும் அமோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகக் கரைந்தே வருகிறது. அதை எந்தப் பரலாலும் பிடிக்க முடியாது. பிறகு எதற்குத் திண்மக் கழிவை இப்படித் துரத்துகிறாய் என்று கேட்கலாம். தீவனத்தில் ஏறக்குறைய கால் பங்கு உலர்ந்த எடை திண்மக் கழிவாக வெளியே வரும். அது தண்ணீருக்குள் கிடந்து அழுகினால் அங்கிருந்தும் அமோனியா வரும். அதைத் தின்ன வருகிற வேறு வகைப் பற்றீரியாக்கள் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். வேகமாகப் பெருகி, மெதுவாக வளரும் நைத்திரேற்றுப் பற்றீரியாக்களின் இடத்தையும் பிடித்துவிடும். செவுளிலிருந்து வரும் அமோனியாவைக் கவனிக்க வேண்டிய ஆட்களை மலம் வந்து மூடிவிடுகிறது.

பூருசெட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எண்ணூறு லீற்றர் தொட்டி, கீழே அலுமாரிக்குள் இரண்டு பெரிய குப்பி வடிகட்டிகள்.

“அண்ணை, பில்டர் ரெண்டும் புதுசு. கடைக்காரன் ஆயிரத்தைந்நூறு லீற்றருக்குக் காணும் எண்டு சொன்னவன். ஏன் தண்ணி இப்பிடிக் கலங்கிக் கிடக்குது?”

“எப்ப கடைசியாத் திறந்தனீர்?”

“மூண்டு மாசத்துக்கு ஒருக்காத் திறந்தாக் காணும் எண்டு பெட்டியில போட்டிருக்கு.”

திறந்தோம். கடற்பஞ்சு கறுப்பாக, கையில் எடுத்தால் வழுவழுவென்று ஒழுகியது. அறை முழுக்க அழுகிய முட்டை மணம். தம்பியின் அம்மா வந்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அந்த ஊத்தை தொட்டிக்கு வெளியே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்குள் இருந்தாலும் அது தண்ணீருக்கு உள்ளேதான் இருந்தது. மணிக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்த ஊத்தைக்குள்ளால் ஓடி, அதைக் கழுவிக் கரைத்துக்கொண்டு திரும்பத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைகளில் விற்கிற பெரும்பாலான வடிகட்டிகளோடு எனக்குள்ள பிணக்கு இதுதான். அவை ஊத்தையைப் பிடித்து வைக்கின்றன. வெளியே விடுவதற்கு வழியில்லை.

நான் கட்டுவது படியவிடும் பரல். சல்லடை இல்லை, பஞ்சு இல்லை, கழுவ எதுவும் இல்லை. தண்ணீரை மெதுவாக்கினால் கழிவு தானாக இறங்கும், இறங்கியதை அடியிலுள்ள வால்வைத் திறந்து வெளியே விடலாம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் தண்ணீரை மெதுவாக்குவது சொல்வதுபோல் சுலபமில்லை. ஒரு பரலுக்குள் ஒரு பக்கத்தால் தண்ணீர் விட்டு மறுபக்கத்தால் எடுத்தால் அது குறுக்கு வழி பிடித்து நேரே ஓடிப்போய்விடும். பரலில் முக்கால்வாசி சும்மா நிற்கும்.

பலரும் செய்வது சுழல் பரல். தண்ணீரைச் சுவரோடு சாய்வாக விட்டுச் சுழல வைப்பது. தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் கலக்கிவிட்டால் தேயிலைத்தூள் நடு அடியில் வந்து கூடுகிறதே, அந்த நியாயம். கோப்பையில் அது நடப்பது கரண்டியை எடுத்த பிறகு, சுழற்சி தளரும்போது. பரலிலோ தண்ணீர் ஓயாமல் வந்து கலக்கிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் ஷெப்பர்ட்ஸ்ரவுண் என்ற ஊரில் ஒரு நன்னீர் மீன் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே டேவிட்சன், சம்மர்பெல்ட் என்ற இருவர் ஒரே பண்ணைத் தண்ணீரில் சுழல் பரலையும் ஆரைப் பாய்ச்சல் பரலையும் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். சுழல் முறை பிடித்தது மிதக்கும் திண்மத்தில் சுமார் 37 வீதம். மற்றது 78 வீதம். அதைப் படித்த பிறகு சுழல் பரல் கேட்டு வருபவர்களுக்கு நான் கட்டிக் கொடுப்பதில்லை.

ஆரைப் பாய்ச்சல் என்பது இது. தண்ணீர் பரலின் நடுவில் மேல்நோக்கி வரும். அந்த வாயைச் சுற்றி ஒரு அகன்ற உருளை, மேலும் கீழும் திறந்தது, மேல் விளிம்பு தண்ணீருக்கு வெளியே நிற்கும். உள்ளே எழும்பிய தண்ணீர் வேகம் அடங்கி, அந்த உருளைக்குள்ளேயே கீழே திரும்பி, அடி விளிம்பால் எல்லாத் திசைக்கும் ஒரே சீராகப் பரவும். பிறகு வெளிச்சுவரோடு மெல்ல மேலேறி விளிம்பால் வெளியேறும். கீழ்நோக்கி வந்த கழிவு அந்தத் திருப்பத்தில் தண்ணீரோடு திரும்பாது. அது தன் பாட்டில் அடிக்குப் போய்விடும்.

அளவு இப்படி. 1500 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு இரண்டு தரம் தண்ணீர் சுற்றினால் 3000 லீற்றர். 200 லீற்றர் நீலப் பிளாஸ்ரிக் பரலின் விட்டம் 58 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். நடுவில் 25 சென்ரிமீற்றர் உருளையைக் கழித்துவிட்டால், வெளி வளையத்தில் தண்ணீர் நொடிக்கு 4 மில்லிமீற்றருக்குள் ஏறும். ஷெப்பர்ட்ஸ்ரவுண்காரர் பயன்படுத்திய வேகமும் ஏறக்குறைய இதுதான். முழுசாக வருகிற கழிவு இதைவிடப் பல மடங்கு வேகத்தில் இறங்குவதால் தப்பிப் போகாது.

பரலுக்கு வரும் குழாயிலோ கதை தலைகீழ். அங்கே தண்ணீர் மெதுவாகப் போகக்கூடாது. பெரிய குழாய் நல்லது என்று நினைத்து 110 மில்லிமீற்றர் கழிவுக் குழாயை வாங்கி வருபவர்கள் உண்டு. 3000 லீற்றர் அதற்குள் நொடிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும், கழிவு குழாய்க்குள்ளேயே படிந்து அடைக்கும். 50 மில்லிமீற்றர் குழாயில் வேகம் நொடிக்கு அரை மீற்றர். அது எல்லாவற்றையும் கொண்டு வந்து சேர்க்கும். வளைவுகளில் 90 பாகை எல்போ போடமாட்டேன். 45 பாகை எல்போ இரண்டைச் சேர்த்துப் போடுவேன். கழிவு மோதி உடைகிற இடம் ஒன்று குறையும்.

பரலின் தட்டையான அடியை நான் வெட்டி எறிந்துவிடுவேன். அடியில் கூம்பு வேண்டும், சரிவு 60 பாகை இருந்தால் மண்டி ஒட்டாமல் வழுகி இறங்கும். கூம்புக்குத் தகடு தேடிக் கடைகடையாக அலைய வேண்டாம். இன்னொரு பழைய பரலின் உடம்பை நெடுக்காக வெட்டி விரித்தால் அகலமான ஒரு பொலித்தீன் தகடு கிடைக்கும். வெந்நீர் ஊற்றி, பாரம் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ளலாம். அதில் பரலின் விட்டம் எவ்வளவோ அதையே ஆரையாக வைத்து ஓர் அரைவட்டம் கீற வேண்டும். வெட்டிச் சுருட்டி இரண்டு நேர் விளிம்பையும் சேர்த்தால் சரியாக 60 பாகைக் கூம்பு, வாய் பரலுக்குப் பொருந்தும் அளவில் வந்து நிற்கும். கேத்திரகணிதம் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் இருக்கிறது.

ஒட்டுவதில்தான் பலர் தவறுவார்கள். கண்ணாடித் தொட்டிக்குப் போடும் சிலிக்கன் இந்தப் பிளாஸ்ரிக்கில் பிடிக்காது. காய்ந்ததும் நகத்தால் உரித்து எடுக்கலாம். பசைகளும் அப்படித்தான். பொலித்தீனை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். சூடான காற்றடிக்கும் துப்பாக்கி, அதன் முனைக்கு ஒடுங்கிய மூக்கு, பரலின் மூடியிலிருந்து நாலைந்து மில்லிமீற்றர் அகலத்தில் சீவியெடுத்த கீற்றுகள். கீற்றையும் தகட்டையும் ஒரே நேரத்தில் சூடாக்க வேண்டும். மங்கலாக இருந்த மேற்பரப்பு ஈரம் பட்டதுபோல் மினுங்கத் தொடங்கும். அந்த மினுக்கம் வந்ததும் கீற்றை அழுத்திக்கொண்டே மெதுவாக நகர வேண்டும். புகை வந்தால் சூடு கூடிவிட்டது, அந்த இடம் பிறகு வெடிக்கும். அவசரப்படுகிற ஆட்களுக்கு இந்த வேலை சரிவராது. யன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், குளிர்காலமாக இருந்தாலும்.

வெளியேறும் வாய் ஒன்று போதாது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாகவே சாயும். நாலு பக்கமும் நாலு வாய் வைத்து வெளியே ஒரு குழாயில் சேர்த்துவிடுவேன். நாலும் ஒரே மட்டத்தில் இருப்பது முக்கியம். அதற்கு ஊரில் மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்தான் இன்றைக்கும் என் கருவி. லேசர் மட்டமும் வைத்திருக்கிறேன், வேலையிடத்தில் தந்தது. இதற்கு அதை எடுப்பதில்லை.

தொட்டியும் பரலும் ஒரே நீர்மட்டத்தில் நிற்கும். மின்சாரம் போனால் இரண்டிலும் தண்ணீர் சமமாகி நின்றுவிடும், வீட்டுக்குள் ஓடாது. மோட்டர் எல்லாவற்றுக்கும் கடைசியில், தெளிந்த தண்ணீர் வந்து சேரும் பெட்டிக்குள். தொட்டியிலிருந்து தண்ணீர் வருவதற்குக் கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும். கடினமாக்கிய கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, நொறுங்கிவிடும். ஆகவே தொட்டி வாங்கும்போதே கண்ணாடிக் கடையில் கேட்டுத் துளைத்து எடுக்கச் சொல்வேன். வளைகுழாய் வைத்து விளிம்புக்கு மேலால் இழுக்கலாம்தான். அதில் காற்றுச் சேர்ந்து ஓட்டம் நின்றால் மோட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டி வழியும். இரவில் நிம்மதியாகத் தூங்க விரும்புகிறவர்களுக்கு ஓட்டைதான் நல்லது.

பரல் வாங்கிய கதைகளும் உண்டு. கார் பழுதாக இருந்த ஒரு நாள் நகரத்திலிருந்து எல்லிங்ஸ்ருட்வரை சுரங்க ரயிலில் ஒரு நீலப் பரலோடு வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நோர்வேக்காரர் கேட்கமாட்டார்கள். ஹெல்ஸ்பியரில் ஏறிய ஒரு பஞ்சாபிப் பெரியவர் மட்டும் ஊறுகாய்க்கா என்று கேட்டார்.

பரலைத் தாண்டி வந்த தண்ணீருக்கு நான் போடுவது கால்ட்னஸ் கே1 என்ற சின்னப் பிளாஸ்ரிக் வளையங்கள். உலகம் முழுக்கக் கொய் மீன் குளம் வைத்திருப்பவர்கள் இதை மூட்டைமூட்டையாக வாங்குகிறார்கள். இது பிறந்தது இந்த நாட்டில். எண்பதுகளின் இறுதியில் த்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹால்வார்ட் ஓடெகோர்ட், தொன்ஸ்பெர்க்கின் கால்ட்னஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நகரச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்க உருவாக்கிய முறை. வளையங்கள் தண்ணீரில் உருண்டுகொண்டே இருக்கும். ஒரு கனமீற்றர் வளையத்துக்குள் பற்றீரியா குடியிருக்க 500 சதுர மீற்றர் பரப்பு இருக்கிறது. மலம் வந்து மூடாதவரைதான் அந்த 500.

இனிப் பாவிக்கிற விதம். காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வால்வைத் திறப்பேன். முதலில் கடும் மண்ணிறத்தில் மண்டி கொழகொழவென்று வரும், பிறகு மங்கும், பிறகு தெளியும். தெளிந்த உடனே மூடிவிட வேண்டும். ஒரு வாளியில் பாதிதான் போகும். இதை நாளுக்கு ஒரு தரம் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் அடியில் கிடக்கும் மண்டி புளித்து வாயுக் குமிழி விடும். குமிழிகள் மண்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வர, பிடித்த ஊத்தை திரும்பத் தண்ணீரோடு போய்விடும். வாரக் கடைசியில் மட்டும் கவனிப்பேன் என்று சொல்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லி, வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

அந்த வாளியை உடனே ஊற்றிவிடுவதில்லை. பார்ப்பேன். தீவனத்தின் நிறத்திலேயே மண்டி வந்தால் மீன் தின்னாமல் விட்ட தீவனம் அது, அளவு கூடிவிட்டது. ஒஸ்கார் சப்பித் தின்னும்போது பாதித் தூள் செவுளால் வெளியே வரும். பெரிய உருண்டைத் தீவனத்துக்குப் பதிலாகச் சிறிய உருண்டை போட்டால் அது குறையும். நார்நாராக, நீளமாக வந்தால் பிளெக்கோவின் வேலை. அது மரக்கட்டையைச் சுரண்டிய சக்கை. வெள்ளையாக, சளிபோல் தொடர்ந்து வந்தால் மீனின் குடலில் ஏதோ கோளாறு, தொட்டியைப் போய்க் கவனிக்க வேண்டும். தொட்டிக் கண்ணாடிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றாலும் தெரியாதது இந்த வாளியில் தெரியும்.

மண்டி கெட்டியாக வருவதும் தளர்ந்து வருவதும் தீவனத்தைப் பொறுத்தது. ஜெர்மனியில் லாங்கனார்கன் மீன் ஆய்வு நிலையத்தில் பிரிங்கர் என்பவர் ட்ரவுட் தீவனத்தில் குவார் பிசினைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்தார். மீனின் மலம் உடையாமல் கெட்டியாக வந்தது. குவார் என்றால் நம்முடைய கொத்தவரைதான், அதன் விதையிலிருந்து எடுக்கும் பசை. வடிகட்டியைத் திருத்துவதை விட்டு மீனின் குடலிலிருந்தே வேலையைத் தொடங்கிய அந்த யோசனை எனக்குப் பிடித்தது. இப்போது வீட்டில் இறாலும் மீனும் அரைத்துத் தீவனம் செய்யும்போது குவார் மா ஒரு சிட்டிகை போடுகிறேன். கலக்கும்போது கட்டிபட்டுவிடும், எண்ணெயில் குழைத்த பிறகு சேர்த்தால் நல்லது.

மண்டியைத் தரைவடிகாலில் விடலாம். காட்டோரத்து ஓடையில் ஊற்றக்கூடாது. மீன் கழிவிலுள்ள பொஸ்பரசில் பெரும்பகுதி இந்தத் திண்மத்தில்தான் போகிறது, ஓடைக்கு அது நல்லதில்லை. யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கு நல்லது. தண்ணீர் கலந்து ஊற்றினால் பெப்ரவரியிலும் துளிர்க்கிறது என்று மனைவி சொல்வார். வெளிச்சம் கூடுவதால்தான் என்பது என் கட்சி.

இந்தப் பரலுக்குக் கேள்வி கூடியது 2021 குளிர்காலத்தில். தென் நோர்வேயில் மின்கட்டணம் எகிறி, டிசம்பரிலிருந்து அரசாங்கம் மானியம் கொடுக்கத் தொடங்கிய காலம். தொட்டித் தண்ணீர் 26 பாகை, குழாயில் வருவதோ குளிர்காலத்தில் ஐந்து பாகையளவு. 300 லீற்றர் மாற்றினால் அதைச் சூடாக்க மட்டும் ஏழு கிலோவாற் மணிக்கு மேல் போகும். கல்லுக்குள் குழாயை விட்டு ஊத்தையை உறிஞ்சுகிறவர்கள் ஒரு பிடி மலத்தை எடுப்பதற்காக அந்த 300 லீற்றர் சூடான தண்ணீரையும் வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். பரலில் அதே ஒரு பிடி அரை வாளித் தண்ணீரோடு போய்விடுகிறது. நைத்திரேற்றுக்காகத் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், அதில் ஏமாற்ற வழியில்லை. ஊத்தைக்காக மாற்றத் தேவையில்லை.

நோர்வே ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் சல்மன் வளர்க்கும் நாடு. அதில் பெரும்பகுதி கடலில் திறந்த வலைக்கூண்டுகளுக்குள். மலம் கீழே போய்விடும், எங்கே என்று கூண்டுக்குத் தெரியாது. ஆனால் கடலுக்கு விடும் முன் குஞ்சுகளை வளர்க்கும் நிலத்துத் தொட்டிகள் பலவற்றில் ஒரே தண்ணீரைச் சுற்றிச்சுற்றிப் பாவிக்கிறார்கள். சுந்தால்சோராவில் நொபீமா நிறுவனம் இதற்கென்றே 2010இல் ஓர் ஆய்வு மையம் திறந்தது. அங்கெல்லாம் கழிவைப் பிடிப்பது சுழலும் சல்லடை உருளை. கண்ணுக்குத் தெரியாத துவாரம், அடைத்ததும் தானாகக் கழுவிக்கொள்ளும். என்னிடமும் அதைக் கேட்பவர்கள் உண்டு. வீட்டில் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். கழுவும் ஒவ்வொரு தடவையும் அது போடுகிற சத்தத்தை அடுத்த வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார் என்பதுதான் என் தடை. வரிசை வீட்டில் சுவர் பொதுச் சுவர்.

பரலால் முடியாத ஒன்றும் இருக்கிறது. மீன் வாயிலும் செவுளிலும் அரைபட்டு வரும் மிக நுண்ணிய தூள், நூறு மைக்ரோனுக்குக் கீழே, படியாமல் தாண்டிப் போய்விடும். அதற்கு வெளியேறும் குழாயின் முடிவில் ஒரு வெள்ளைப் பஞ்சுத் தட்டு வைத்திருக்கிறேன், இரண்டு நாளைக்கு ஒரு தரம் எடுத்து எறிவதற்கு. எறிய மறந்தால் அதுவும் குப்பி வடிகட்டிதான்.

பூருசெட்டுத் தம்பிக்கு இந்தக் கிழமை முடிவில் பரல் பூட்ட வேண்டும். அவருடைய அறையில் தொட்டி தாழ்வாக நிற்கிறது, 60 பாகைக் கூம்புக்கு உயரம் காணாது. 45 பாகையில்தான் வெட்டப்போகிறேன். நாற்பது சென்ரிமீற்றர் ஆரையில் முழுவட்டம் கீறி, அதில் 105 பாகைத் துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சுருட்டினால் வாய் பரலுக்கு ஏறக்குறையப் பொருந்தும். அந்தச் சரிவில் மண்டி கொஞ்சம் ஒட்டும். நீளப் பிடி வைத்த பிரஷ் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், கிழமைக்கு ஒரு தரம் மெதுவாகத் தள்ளிவிட. மெதுவாக என்பதை இரண்டு தரம் சொன்னேன். தம்பி, மோட்டரை எங்கே வைப்பது என்று கேட்டார்.